மஞ்சள் அட்டை

மண்சரிவுக்குப் பிறகு கிடைத்த வீடுகள் பதினான்கு.
ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ்.
எல்லாருக்குமாக ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு மோட்டார்,
மழை பெய்தால் யாருக்கும் எதுவும் கேட்காத
தகரக் கூரைப் பொது மண்டபம்,
கூட்டக் குறிப்புக்கு ஒரு சீ.ஆர். கொப்பி.
கொப்பி என்னிடம்.

கை தூக்கிப் பழகியவர்கள் நாங்கள்.
பிரட்டில் பேர் கூப்பிட்டால் கை.
சந்தாவுக்குக் கை, ஸ்ட்ரைக்குக் கை,
ஸ்ட்ரைக்கை முடிக்கவும் அதே கை.
எண்ணியது யாரென்று பார்த்ததில்லை.

ஆகவே முதல் கூட்டத்திலேயே
வாக்கெடுப்பு வேண்டாம் என்று முடிவு.
அதையும் கை தூக்கித்தான் எடுத்தோம்,
முதல் பக்கத்தில் இருக்கிறது.

டெய்சிராணி பிஸ்கட் பெட்டிகளை வெட்டி
நிறம் பூசிக் கொண்டுவந்தாள், வீட்டுக்கு மூன்று.
பச்சை என்றால் சரி.
மஞ்சள் என்றால் ஒரு கேள்வி உண்டு.
சிவப்பு என்றால் நில்.
ஒரு சிவப்பு போதும்,
மற்றவர் எல்லாரும் மறுபடி உட்கார வேண்டும்.

மோட்டார் எத்தனை மணிக்கு?
ஆறு, என்றோம்.
மரியபுஷ்பம் சிவப்பைத் தூக்கினாள்.
"நாலரைக்கு கார்மென்ட்ஸ் வேன்.
ஆறு மணித் தண்ணி எனக்கு எதுக்கு?
நாலு மணிக்குப் போடுங்க, நானே வந்து போடுறேன்."

"பிச்சமுத்து அண்ணன் செவத்தோடதான் மோட்டார்.
மனுசன் தூங்க வேணாமா?" என்றார் சந்திரபோஸ்.
நியாயம்தான் என்றோம்.
அண்ணன் ஆண்கள் பக்கம் கடைசி வாங்கில்
குல்லாவைக் காது வரை இழுத்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் கூட்டம்:
ராத்திரியே பீப்பாயில் பிடித்து வைக்கட்டும்.
"பீப்பாய் யாரு வாங்கித் தாரது?"
பீப்பாய் விலையில் ஒன்றரை மணி நேரம் போனது.

மூன்றாம் கூட்டத்தில் கரண்ட் இல்லை, கூரை முழுக்க மழை.
"பதின்மூணு வீட்டுக்காக ஒரு வீடு வளைஞ்சா என்னவாம்?"
கத்தித்தான் கேட்டார் சந்திரபோஸ்.
அவள் பதில் சொல்லவில்லை.
வலது கை வலித்ததும் அட்டையை இடது கைக்கு மாற்றினாள்.
டோர்ச் வெளிச்சத்தில் அதைக் கண்டேன், எழுதவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
பச்சை 13, சிவப்பு 1.
அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.
என் வீட்டுப் பச்சையும் அதில் ஒன்று.

நாலாம் கூட்டத்தில் டெய்சிராணி கொப்பியைக் கேட்டாள்.
விரலை வைத்து வாசித்தாள்.
"பச்சை பன்னெண்டுதானே?
மூணு கூட்டமா ஒரு மஞ்சள் நிக்குதே,
அத எங்க போட்டீங்க?"

பச்சையோடு சேர்த்திருந்தேன்.
மறிக்காதவர் நம்ம ஆள்தானே என்று.

பிச்சமுத்து அண்ணன் குல்லாவைக் கழற்றினார்.
"பாக்டரியில ராவு வாச்சர், இருவத்திரண்டு வருசம்.
பென்சனுக்கு வந்தும் தூக்கம் வரல்ல.
மூணரைக்கே பிளேன்டி ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.
சுவிட்ச நானே போட்டுடுவேன்."

"இத முதல்லயே சொல்லப்படாதா?"

"கேள்வி இருந்தா மஞ்சள்னீங்க.
எங்கிட்ட கேள்வி இல்ல, பதில்தான் இருந்துச்சு.
அதுக்கு என்ன கலருன்னு யாரும் சொல்லல்ல."

சிரித்தோம். மரியபுஷ்பம் சிரிக்கவில்லை.
மூன்று வாரம் குளிக்காமல் வேன் ஏறியவள்.
சிவப்பைக் கீழே வைத்தாள்,
பச்சையை எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தாள்.
சந்திரபோஸ் எடுக்க இன்னும் நேரம் ஆனது.

13ஐ வெட்டி 12 என்று எழுதினேன்.
பக்கத்தில் மஞ்சள் 1.
இடது கையையும் எழுதினேன், ஓரத்தில், சின்னதாக.

இன்று விடியக்காலை நாலுக்கு
மோட்டார் கரகரவென்று தொடங்கியது.
போர்வைக்குள் கிடந்தே திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம்.
என் நாய் விசயம்.
சிவப்பு அட்டையைத் தேடினேன்,
சின்னவன் அதில் கப்பல் கீறி வைத்திருக்கிறான்.